விண்ணின் கதை, மண்ணின் பாட்டு

எழுத்தில்லாத மக்களுக்கு இலக்கியம் ஏது என்று கேட்போர் உண்டு. ஏட்டில் ஏறியதே இலக்கியம், வாயில் வாழ்வது வெறும் ஓசை என்பது அவர்தம் தீர்ப்பு. அத்தீர்ப்பைத் திருத்தி எழுதச் சியாங் மக்களின் பாடல்கள் போதும்.

சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில், மின் ஆற்றின் மேற்புறத்து மலைச்சரிவுகளில், கல்வீடு கட்டி வாழும் மக்கள் அவர்கள். தொகை ஏறத்தாழ 3 இலட்சம். அவர்தம் தாய்மொழிக்கு வழிவழி வந்த எழுத்து இல்லை. அதனால் வரலாறும் காதலும், மணமும் மரணமும் நாவிலேயே குடியிருந்தன. நெடும் பாட்டுகளை நினைவில் சுமந்தோர், ஆட்டுத்தோல் முரசு முழக்கிச் சடங்கு நடத்தும் ஷிபி எனும் பூசாரிகள்.

பூசாரியின் பாட்டு நமக்கெதற்கு என்று எறிந்துவிட எண்ணுகிறீர்களா, தோழர்களே? சற்றுப் பொறுங்கள்! மூ ஜியேஜு எனும் வானுலக மங்கை மண்ணுலக இளைஞனைக் காதலிக்கும் பாட்டைப் பாருங்கள். மணம் மறுக்கும் தந்தையான வானதேவன் விதிக்கும் சோதனை என்ன? தவமா? நோன்பா? இல்லை! காட்டை வெட்டு, எரி, விதை என்கிறான். வென்றவனுடன் வரும் மங்கை விதையும் கால்நடையும் கொண்டு மண்ணுக்கு இறங்குகிறாள். கதை விண்ணில் நடக்கிறது. வேலையோ மண்ணில் நடக்கிறது. உழைத்த கைகள் தம் உழைப்பையே வானில் எழுதிப் பார்த்தன. முரசொலி நோயை ஓட்டும் என்பதை மறுப்போம். முரசோடு வந்த பாட்டை மறுக்க மாட்டோம்.

பாட்டு பூசாரிக்கு மட்டும் உரியதுமன்று. மாவோ வட்டாரத்தில் ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாள் பெண்களின் விழா. மூத்த பெண்கள் பாட்டும் ஆட்டமும் கற்பிக்க, இளம்பெண்கள் கற்கின்றனர். சமைத்துப் பரிமாறுவது ஆடவர் பணி. பெண்ணை அடுப்பங்கரையில் அடைத்துவிட்டுப் பண்பாடு பேசுவோர் அங்கே சென்று பாடம் கேட்கட்டும்!

ஆனால் நாவில் வாழும் இலக்கியத்திற்கு ஓர் ஆபத்து உண்டு. நா அடங்கினால் நூலகமே எரிந்ததாகும். 2008 மே 12இல் வென்சுவான் நிலநடுக்கம் ஏறத்தாழ 69,000 உயிர்களைக் குடித்தது. சியாங் ஊர்கள் பல இடிபாடாயின. மறு ஆண்டே யுனெஸ்கோ, சியாங் புத்தாண்டு விழாவை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் அப்பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

மகிழ்ச்சிதான். எனினும் விழா பிழைத்தால் பாட்டும் பிழைத்ததாகுமா? பல ஊர்களில் இளைய தலைமுறை பேசுவது சீன மொழியே. மேடையில் வண்ண உடை மின்னலாம், இசைத்தட்டில் குரல் ஒலிக்கலாம். பொருள் விளங்காமல் பாடும் உதடு பாட்டின் கல்லறையே அன்றோ?

வகுப்பறையில் நிற்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாட்டைக் காக்கும் பேழை அருங்காட்சியகத்தில் இல்லை. பாட்டி பாடியதைப் பொருள் புரிந்து பேத்தி திருப்பிப் பாடுகிறாளே, அந்த நாவில் இருக்கிறது. மொழி வாழட்டும், பாட்டு தானே வாழும்!