நெருக்கம் உரிமைக்கு ஈடாகுமா?

கல்முனைக் கடைத்தெருவின் புடைவைக் கடைகளில் காசு மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் முதலாளியே இருப்பார். இல்லாவிட்டால் மகன் இருப்பார். எந்தப் பொடியனின் உம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருடைய தங்கைக்குக் கலியாணம் பேசியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைமைக்கும் கடைநிலை ஊழியருக்கும் நடுவே தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளப் பெரிய நிறுவனங்கள் படாதபாடு படுகின்றன. நம் கரையோர ஊர்களில் அந்த இடைவெளியே கிடையாது என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை எவ்வளவு தூரம் நியாயமானது?

நியாயமான பங்கு பெரியதுதான். நோன்பின் கடைசிப் பத்தில், பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் இரவுகளில், எந்த நிறச் சாரம் கேட்டு ஆட்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதை விற்பனையில் நிற்பவர் வாய்விட்டுச் சொன்னால் போதும். முதலாளி அந்த நிமிடமே மருதமுனைத் தறிக்காரருக்கோ புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கோ போன் எடுக்கிறார். அறிக்கைக்கும் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து அந்தரத்துக்கு முற்பணம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதலாளியும் ஊழியரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறார்கள். எந்த முகாமைத்துவப் பயிற்சியும் தர முடியாத நெருக்கம் இது.

ஆனால், இந்த நெருக்கத்தில் பேச்சு ஒரு பக்கமாகவே ஓடுகிறது. முதலாளி எதையும் கேட்கலாம். ஊழியர் சிலவற்றைக் கேட்க முடியாது. பல வருடம் வேலை செய்த ஒருவர் சேமலாப நிதியைப் பற்றி மெல்ல வாய் திறந்தால், “உன்ன என்ட புள்ள மாதிரித்தானே வெச்சிருக்கன்” என்று பதில் வரும். அதைச் சொல்பவர் உண்மையான பாசத்தோடுதான் சொல்கிறார். கேட்டவரோ, போன மாதம் வாங்கிய முற்பணத்தை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார். உபகாரம் கூடக் கூட, கேள்வி கேட்கும் துணிவு குறைகிறது.

அவர் கேட்டது சலுகையும் அல்ல. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்டாயம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். முதுமையில் கைகொடுக்கும் பணத்தை முதலாளியின் நல்ல மனதிடம் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சட்டங்கள் வந்தன.

கடை ஒன்று மூன்றாகும்போது அந்த நெருக்கமும் தேய்கிறது. அக்கரைப்பற்றுக் கிளையை முதலாளி போனில், கமராவின் வழியே பார்க்கிறார். யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது. எதனால் உட்கார்ந்தார் என்பது தெரிவதில்லை. கண்காணிப்பு கூடி, விசாரிப்பு குறைந்துவிடுகிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் அதிகாரிகள் வேலைத்தளத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது புகழ்பெற்ற வழக்கம். அதோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது, பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம் என்ற ஏற்பாடு. மேலிருப்பவர் இறங்கி வருவதும் கீழிருப்பவரின் சொல்லுக்கு வலு இருப்பதும் அங்கே இணைந்தே நிற்கின்றன.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது மாவட்டத்தின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981இல் இளம் அமைப்பாளர்கள் விவசாயிகள் நடுவே தங்கி, வாய்க்கால் வாய்க்காலாகச் சிறு குழுக்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பிரதிநிதியைத் தானே தெரிவுசெய்தது. அதிகாரிகளிடம் தனியாளாகக் கெஞ்சி நின்ற விவசாயி, குழுவின் குரலாகப் பேசினார். தண்ணீர் குறைந்த போகத்திலும், வாய்க்காலின் கடைசியில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் நீர் விட்டுக்கொடுத்தார்கள். அதிகாரி வயலுக்கு வந்து பார்ப்பதால் மட்டும் இது நடந்திருக்காது.

நம் கடைகளுக்கும் இது பொருந்தும். ஊழியர்கள் தாங்களே ஒருவரைத் தெரிவுசெய்யட்டும். மாதம் ஒருமுறை, காசு மேசையை விட்டு எழுந்து வந்து முதலாளி அவரோடு பேசட்டும், முடிவுகளை எழுதிவைக்கட்டும். முற்பணம் எத்தனை மாதத்தில் கழியும் என்பதும் சம்பளச் சீட்டில் இருக்கட்டும்.

“எழுத்து வந்தால் உறவு போய்விடும்” என்று சிலர் அஞ்சுகிறார்கள். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளச் சொல்வதுதான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கொழும்பு வியாபாரியின் கடனை எழுதிவைப்பதால் நட்பு முறிவதில்லை; கணக்கில் தகராறு வராததால் அது நீடிக்கிறது. ஊழியரின் வியர்வைக்கும் அதே மரியாதை உண்டு. முதலாளியின் பாசம் உண்மையானது என்றால், ஊழியரின் உரிமையை எழுத்தில் கொடுக்க அது தயங்கக் கூடாது.