லொறென்சோ வல்லாவும் கொன்ஸ்தந்தீனின் தானசாசனமும்

மத்திய காலத்தின் இருள் நீங்கி மறுமலர்ச்சியின் ஒளி ஐரோப்பாவிற் புலர்ந்தது என்று பாடநூல்கள் கூறும். அக்கூற்றில் உண்மை உண்டாயினும், பழமையும் புதுமையும் ஒருவர் உள்ளத்திலேயே உடனுறைந்தமையை அது மறைத்துவிடுகின்றது. இவ்வுண்மையை உணர்தற்கு, இத்தாலியப் பேரறிஞராகிய லொறென்சோ வல்லா 1440 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் இயற்றிய கண்டன நூல் பெரிதும் துணைபுரியும்.

கண்டனத்துக்கு இலக்காகியது ‘கொன்ஸ்தந்தீனின் தானம்’ எனப்பட்ட சாசனமாகும். தம்மைத் தொழுநோயினின்றும் நீக்கி ஞானஸ்நானமும் அளித்த பாப்பரசர் சில்வெஸ்தருக்குச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் இலாத்தரன் மாளிகையையும் உரோமாபுரியையும் இத்தாலியையும் மேற்றிசை மாகாணங்களையும் ஈந்து, தாம் கிழக்கே பெயரத் துணிந்ததாக அது கூறும். சக்கரவர்த்தி இறந்தது 337 ஆம் ஆண்டில். சாசனமோ எட்டாம் நூற்றாண்டளவிற் புனையப்பட்டதென்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் துணிபு. பாப்பரசரின் உலகியல் ஆட்சிக்கு அது நெடுங்காலம் அரணாக நின்றது.

வல்லாவுக்கு முன்னரும் இதனை எதிர்த்தோர் உளர். மகாகவி டாந்தே, பேரரசைப் பகுத்துக் கொடுக்கச் சக்கரவர்த்திக்கு உரிமையில்லை என்று வாதிட்டாரேயன்றிச் சாசனம் மெய்யோ பொய்யோ என வினவினாரல்லர். கூசா நகரத்து நிக்கொலஸ் 1433 இல், பழைய ஏடுகளில் இத்தகைய தானம் குறிக்கப்படாமையைக் கண்டு ஐயுற்றார். வல்லாவோ சாசனத்தின் சொற்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவருடைய தனிச் சிறப்பு இதுவே.

சாசனம் ‘சத்திராப்புகள்’ என்போரைக் குறிப்பிடுகின்றது. பாரசீகத்து மாகாணாதிபதிகளுக்குரிய அப்பெயருக்கு உரோமரின் அவையில் என்ன வேலை என்று வல்லா கேட்கின்றார். ‘டயடெம்’ என்பது பொன்னாலும் மணியாலும் ஆயதெனச் சாசனம் கூற, பண்டையோர்க்கு அது தலையிற் கட்டும் துணிப்பட்டையே என்று அவர் திருத்துகின்றார். கிழக்கே இனித்தான் ஒரு நகரம் அமைக்கப்படும் என்று சொல்லும் அதே சாசனம், கொன்ஸ்தாந்திநோப்பிளை முன்னரே தலைமைப் பீடங்களுள் ஒன்றாக எண்ணிவிடுகின்றது! பொய் புனைந்தவன் தன் காலத்து இலத்தீனையே எழுதினான். நான்காம் நூற்றாண்டின் இலத்தீன் வேறு என்பது அவனுக்குத் தெரிந்திலது. மொழிக்கும் வரலாறு உண்டு என்ற இவ்வுணர்வே மறுமலர்ச்சியின் உண்மையான புதுமை எனலாம்.

ஆயினும், விஞ்ஞான முறையான வரலாற்றாய்வின் முதல் நூல் என இதனைப் போற்றுவோர் நூலை முழுமையாகப் படித்தனரோ என ஐயுறவேண்டியுள்ளது. அதன் முற்பகுதி பெரும்பாலும் நாடகமே. கொன்ஸ்தந்தீனின் புதல்வரும், உரோமாபுரி மூதவையினரும், சில்வெஸ்தரும் தானத்தை மறுத்து நீண்ட சொற்பொழிவு ஆற்றுகின்றனர். அவையெல்லாம் வல்லாவின் கற்பனை. பொய்ச் சாசனத்தைச் சாடுபவர் தாமே பொய்யுரைகளைப் புனைவது நகைப்புக்குரியதன்றோ? ஆனால் அது பண்டை நாவலர் வகுத்த வழக்கு. படிப்போர் அதனை மெய்யென மயங்கியிரார். சில்வெஸ்தர் நாட்டை ஏற்றிருப்பின் அவர் நியமித்த அதிகாரிகள் யாவர், அவர் பெயர் பொறித்த நாணயங்கள் எங்கே என்னும் வினாக்கள் அச்சொற்பொழிவுகள் யாவற்றினும் வலியன. வசைமொழிகளோ மிகுதி; அவை நூலுக்கு அழகு சேர்க்கவில்லை.

இன்னும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. வல்லா அப்போது அரகன் அரசனாகிய அல்போன்சோவின் ஊழியர். நேப்பிள்ஸ் அரசுரிமை குறித்து அவ்வரசனுக்கும் பாப்பரசர் நான்காம் யுஜீனியசுக்கும் பகை மூண்டிருந்தது. 1442 இல் அரசன் நேப்பிள்ஸைக் கைப்பற்றினான். 1443 இல் இருவரும் சமாதானம் செய்தனர். நூலுக்கு அரசியற் பயன் அற்றுப்போயிற்று. ஆகவே அது கூலிக்கு எழுதிய வழக்குரையே என்பர் சிலர். அரசனின் தேவை நூல் எழுந்த காலத்தை விளக்கும். ‘சத்திராப்பு’ என்னும் சொல்லைக் கொன்ஸ்தந்தீனின் காலத்துக்கு அது கொண்டுசெல்லாது. அரசர்கள் உடன்பட்டபின் மறைந்துவிடும் வாதமாயின் அது கூலிவாதம்; இதுவோ மறைந்திலது.

வல்லா சமயப் பகைவரல்லர். பாப்பரசர் சீசருக்கன்றிக் கிறிஸ்துவுக்கே பிரதிநிதியாதல் வேண்டும் என்பதே அவர் விழைவு. 1448 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலஸ் அவரைத் தம் பணியில் அமர்த்திக் கிரேக்க நூல்களை மொழிபெயர்க்கச் செய்தமை, அக்காலத்து உரோமாபுரி கல்விக்கு அளித்த மதிப்பைக் காட்டும். நூல் வேறொரு கோலம் பூண்டது அச்சியந்திரத்தின் பின்னரே. ஜேர்மனியரான உல்ரிக் வொன் ஹுட்டன் வெளியிட்ட பதிப்பை மார்ட்டின் லூதர் 1520 இற் படித்து, பாப்பரசரே கிறிஸ்துவின் எதிரி என்ற ஐயம் தம்மிடம் வலுப்பட்டதாக நண்பர் ஒருவருக்கு எழுதினார். சீர்திருத்தம் கோரியவரின் நூல் பிளவுக்குப் படைக்கலமாயிற்று. வல்லா இறந்து அப்போது அறுபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன; பொய்ச் சாசனம் தானம் செய்ததாகக் கூறிய மாளிகையின் அருகே, இலாத்தரன் தேவாலயத்திலே, அவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.