210-க்கு முன்னால்: 'டார்க் ஷேடோஸ்' தொடரின் மறுவாசிப்பு

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வாரத்தில் ஐந்து நாளும் பிற்பகலில் அரை மணி நேரம் ஓடிய தொடர் 'டார்க் ஷேடோஸ்'. டான் கர்ட்டிஸ் உருவாக்கியது. மொத்தம் 1,225 எபிசோடுகள். இதை இன்று பார்க்கப் புறப்படுகிறவர்களுக்குப் பழைய ரசிகர்கள் தரும் முதல் யோசனை, 210ஆவது எபிசோடிலிருந்து தொடங்குங்கள் என்பது. அங்கேதான் சங்கிலி பூட்டிய சவப்பெட்டியிலிருந்து ஒரு கை நீண்டு வில்லி லூமிஸ் என்ற ரவுடியின் கழுத்தைப் பிடிக்கிறது. மறுநாள், 1967 ஏப்ரல் 18 அன்று, பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரி, இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்று சொல்லிக்கொண்டு காலின்வுட் மாளிகைக்குள் நுழைகிறான். டிவிடி வெளியீடும் 210இலிருந்தே தொடங்கியது. முதல் 209 எபிசோடுகள் பிற்பாடு தனித் தொகுப்பாக வந்தன. அந்த 209ஐயும் சேர்த்து மறுபடி பார்த்தால், இது காட்டேரியின் கதை என்ற எண்ணம் கலைந்துவிடுகிறது. இது ஒரு வீட்டின் கதை. அந்த வீட்டில் ஏற்கெனவே காலியாக இருந்த இடத்தில்தான் காட்டேரி வந்து உட்கார்ந்தான்.

பகல்நேரத் தொடர்கள், கோத்திக் கதைகள் பற்றிய ஆய்வுகள் நாலு திசையிலிருந்து வந்திருக்கின்றன. டானியா மாட்லெஸ்கி 1982இல் எழுதிய நூல், காதல் நாவல், கோத்திக் நாவல், பகல்நேரத் தொடர் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது. முடிவுக்காகக் காத்திருப்பதையே இன்பமாக்குவது தொடர். தான் வாழும் வீட்டின் ஆணையே சந்தேகிக்க வைப்பது கோத்திக். இரண்டும் பெண்களின் வீட்டுவாழ்வைப் பேசுபவை என்ற அவர் பார்வைக்கு 'டார்க் ஷேடோஸ்' தானாகவே சாட்சியாகிறது. ராபர்ட் ஆலன் 1985இல், தொடர்களில் ஒரே செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது வீண் நீட்டல் அல்ல என்றார்: என்ன நடந்தது என்பதைவிட, அதை யார் யாரிடம் சொன்னார்கள் என்பதே அங்கே கதை. ஹெலன் வீட்லி 2006இல் கோத்திக் தொலைக்காட்சியைத் தனி வகையாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கும் சாதனம் வீட்டைப் பற்றிய அச்சத்தைச் சொல்கிறது என்பது அவர் வாதத்தின் மையம். ஹாரி பென்ஷாஃப் 2011இல் இத்தொடருக்கென்றே எழுதிய சிறுநூல், தயாரிப்புச் சூழல், ரசிகர் உலகம், பால் அடையாளம் ஆகியவற்றின் வழியே அதைப் படித்தது. இந்த நான்கோடு சேர்க்க வேண்டியது நாள் வரிசை பற்றிய வாசிப்பு. எந்தத் திங்களில் எது நடந்தது, அதன் பக்கத்தில் வேறு எது நடந்துகொண்டிருந்தது என்று பார்க்கும் வாசிப்பு அது.

1967 கோடையை எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவி எலிசபெத் பதினெட்டு வருடங்களாக வீட்டைவிட்டு வெளியேறவில்லை. கணவன் பால் ஸ்டாடர்டைத் தான் கொன்றுவிட்டதாகவும், அவன் உடல் நிலவறையில் புதைந்திருப்பதாகவும் நம்புகிறாள். புதைத்ததாகச் சொன்ன ஜேசன் மெக்வயர் திரும்பி வந்து, அந்த ரகசியத்தை வைத்தே மிரட்டி அவளை மணக்கப் பார்க்கிறான். வழக்கமான பகல்நேரத் தொடரின் சரக்கு இது. ஆனால் ஜேசனோடு ஒட்டிக்கொண்டு வந்த ரவுடிதான் வில்லி. குடும்ப நகைகளைத் தேடிக் கல்லறை மண்டபத்துக்குள் புகுந்து பெட்டியின் சங்கிலியை உடைப்பவனும் அவனே. அதாவது மிரட்டல் கதைதான் சவப்பெட்டியைத் திறந்தது. சில மாதங்கள் கழித்து எலிசபெத் உண்மையை ஒப்புக்கொள்கிறாள், நிலவறையைத் தோண்டுகிறார்கள், அங்கே பிணமே இல்லை. பிணம் இருக்கிறதென்று அஞ்சிய இடம் வெறுமை. வெறுமை என்று நினைத்த மண்டபத்தில் நடமாடும் பிணம். தப்பியோடிய ஜேசனைக் கொன்று மண்டபத்திலேயே புதைப்பவன் பார்னபஸ். பொய்யாக ஒரு புதைகுழியைக் கட்டியவனுக்கு நிஜமான புதைகுழி கிடைக்கிறது. 1969இல் பால் ஸ்டாடர்ட் உயிரோடு திரும்பும்போது அந்த வேடத்தில் நடித்தவர், ஜேசனாக நடித்த அதே டென்னிஸ் பேட்ரிக். இரண்டாம் முறை பார்ப்பவருக்கு அந்த முகம் ஒன்றே போதும்.

முகங்கள் திரும்பி வருவதற்குச் சிக்கனம் ஒரு காரணம். நியூயார்க் ஸ்டுடியோவில் சில அரங்குகளையும் சிறு நடிகர் குழுவையும் வைத்துக்கொண்டு தினம் ஒரு எபிசோடு தயாரிக்க வேண்டும். 70ஆவது எபிசோடில் பழைய வீட்டின் சுவரிலுள்ள படத்திலிருந்து ஜோசெட் என்ற பெண்ணின் ஆவி இறங்கி வந்து ஆடுகிறது. ஆவியாக வந்தவர் கேத்ரின் லீ ஸ்காட். அப்போது அவர் மேகி என்ற காபிக்கடைப் பணிப்பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தவர். பார்னபஸ் என்ற பாத்திரம் திரைக்கு வராத 1966 அது. மறு வருடம் பார்னபஸ் மேகியைக் கடத்தி, அவளைத் தன் பழைய காதலி ஜோசெட்டாக மாற்ற முயல்கிறான். கதை 1795க்குப் போகும்போது உயிருள்ள ஜோசெட்டாக வருபவரும் ஸ்காட்டே. முதல் முறை பார்த்தவர்களுக்கு மேகியின் துன்பம் ஒரு பைத்தியக்காரனின் பிடிவாதம். மறுமுறை பார்க்கும்போது, வீடு அந்தப் பெண்ணை முன்பே குறித்து வைத்திருந்ததாகத் தோன்றுகிறது.

பின்னால் எழுதியது முன்னால் நடந்ததை மாற்றிவிடுவதும் உண்டு. 1967 நவம்பரில், முதல் எபிசோடிலேயே வந்த அநாதைப் பெண் விக்டோரியா 1795ஆம் ஆண்டுக்குள் தூக்கிப் போடப்படுகிறாள். அங்கே தெரிந்த முகங்கள் வேறு பெயர்களில் உலாவுகின்றன: ஜோன் பென்னெட் நயோமியாக, லூயி எட்மண்ட்ஸ் ஜோஷுவாவாக. காட்டேரியாகிவிட்ட மகனை அழிக்கத் தந்தை ஜோஷுவாவுக்கு மனம் வரவில்லை. பெட்டியைச் சங்கிலியால் பூட்டச் சொல்கிறான். இதைத் தெரிந்துகொண்டு 210ஐப் பார்த்தால் அந்தச் சங்கிலி உலகத்தைக் காக்கப் போட்ட பூட்டாக மட்டும் படவில்லை. ஒரு தகப்பனின் இயலாமையும் அதில் தெரிகிறது. எல்லாம் இப்படிப் பொருந்திவிடவில்லை. ஜோசெட் காதலனுக்குப் பயந்து பாறை உச்சியிலிருந்து குதித்ததாக 1967இல் பார்னபஸ் சொல்கிறான். 1968இல் நாம் காணும்போது, சூனியக்காரி ஆஞ்செலிக் காட்டிய ஒரு காட்சிதான் அவளைத் துரத்துகிறது. எழுத்தாளர்களின் மறதி என்று ஒதுக்கலாம். ஆனால் உண்மை தெரியாமல் பல ஆண்டு தன்னையே பழித்துக்கொண்ட மனிதனின் நினைவு என்று எடுத்துக்கொண்டாலும் காட்சி தாங்குகிறது. பார்னபஸாக வரும் ஜொனதன் ஃப்ரிட்டின் நடிப்பு அதற்கு இடம் தருகிறது.

ஃப்ரிட் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பழகிய கனடா நடிகர். தினம் புதிய வசனம் என்பது அவருக்குப் பெரும் பாரம். எழுத்துத் திரையைத் தேடி அலையும் அவர் கண்களை இன்று எளிதாகக் கண்டுகொள்ளலாம். டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால் வசனத் தடுமாற்றம், சட்டகத்துக்குள் தொங்கும் மைக், நிழலாடும் பணியாளர் எல்லாம் அப்படியே ஒளிபரப்பாயின. இவற்றை எண்ணிச் சிரிப்பது ரசிகர்களின் பழைய விளையாட்டு. ஆனால் பார்னபஸ் எந்நேரமும் வேடம் போடுகிறவன். நூற்றெழுபது வருடத்துக்கு அப்புறமான உலகத்தில் அடுத்த சொல்லைத் தேடித் தேடிப் பேசுகிறவன். நடிகரின் பதற்றம் பாத்திரத்தின் பதற்றமாகவே விழுகிறது.

தொடர் தீர்க்காமலே விட்டதும் இருக்கிறது. தன் பெற்றோர் யார் என்று தேடித்தான் அநாதையான விக்டோரியா முதல் எபிசோடில் ரயிலேறுகிறாள். ஓவியர் சாம் எவன்ஸின் வீட்டில் தன் சாயலிலேயே ஒரு பெண்ணின் பழைய படத்தைக் காண்கிறாள். அந்த நூலைக் கதை பிறகு எடுக்கவே இல்லை. தொடர் முடிந்தபோதும் கேள்விக்கு விடை கிடையாது.

1970இன் திரைப்படம், 1991இல் என்பிசி எடுத்த மறுதொடர், 2012இல் டிம் பர்ட்டன் எடுத்த படம் மூன்றுமே பார்னபஸைத் தொடக்கத்திலேயே வெளியே விடுகின்றன. படத்துக்கு நேரம் குறைவு, அது நியாயம். ஆனால் பத்து மாதக் காத்திருப்பு போனதும், அவன் வந்து நிரப்பிய காலியிடமும் போய்விடுகிறது. மிஞ்சுவது இன்னொரு காட்டேரிக் கதை. அக்காலத்துப் பகல்நேரத் தொடர்கள் பலவற்றின் டேப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. இந்தத் தொடரில் 1219ஆவது எபிசோடு ஒன்றைத் தவிர மற்றவை ஏதோ ஒரு வடிவில் கிடைக்கின்றன. ஆகவே ஒரு பகல்நேரத் தொடரை ஏறக்குறைய முழு நீளத்தில், ஒளிபரப்பான வரிசையிலேயே படிக்கும் அரிய வாய்ப்பு இங்கே இருக்கிறது. அந்தப் படிப்பு தொடங்க வேண்டிய இடம் ரயிலில் வரும் விக்டோரியா.