உதுவன்கந்தைக் கள்வன் கதை: ஒரு திறனாய்வு

நாட்டார் கதைகளிற் கள்வனுக்குத் தனியிடம் உண்டு. ஆங்கிலேயர்க்கு றொபின் ஹூட் வாய்த்தாற்போலக் கண்டிச் சீமையார்க்குச் சரதியல் வாய்த்தான். உள்ளவரிடம் பறித்து இல்லாதவர்க்கு ஈந்தான் என்பதே அவன் கதையின் உயிர்நாடி. அக்கதை சுவையுடையது என்பதில் ஐயமில்லை. அவன் வீழ்ச்சியை அது நேர்மையோடு கூறுகின்றதா என்பதே ஆராயத்தக்கது.

கொழும்பு - கண்டிப் பெருந்தெருவில், மாவனல்லைக்கு அண்மையில் ஓங்கி நிற்கும் பாறைக்குன்று உதுவன்கந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இத்தெருவழியே கொழும்பை அடைந்தது. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டிலேயாம். அதுகாறும் குன்றின்மேல் நின்றவன் நாட்டின் செல்வம் தன் காலடியில் மெல்ல ஊர்ந்து செல்வதைக் கண்டான். சரதியலின் ஆற்றலுக்கு அவனது வீரத்தினும் இந்நில அமைப்பே பெருங்காரணம். கதையோ நிலத்தை மறந்து வீரத்தையே பாடுகின்றது.

எனினும், மக்கள் அவனைப் போற்றியதற்கும் காரணம் உண்டு. 1848இல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவருள் ஒருவனான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அதனைக் கண்ட தலைமுறையினர்க்கு அரசின் சட்டம் தமது சட்டமாகத் தோன்றவில்லை. ஆகவே சட்டத்தை மீறியவன் தம்மவனாகத் தோன்றினான். ஆயின் வரிக்கொடுமைக்கு எதிராகத் திரண்ட கூட்டமும் வழிப்போக்கரை மறித்த கூட்டமும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமை இக்கதையின் முதற் குறை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி, மாவனல்லையிற் சரதியலும் அவன் தோழன் மம்மாலி மரிக்காரும் தங்கியிருந்த வீட்டைப் பொலிசார் சூழ்ந்தனர். அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டிற் சபான் என்னும் மலாய்ப் பொலிசுக்காரர் உயிர்நீத்தார். கள்வர் இருவரும் பிடிபட்டனர். கண்டியில் விசாரிக்கப்பட்டு, மே மாதம் 7ஆந் திகதி அந்நகரிலேயே தூக்கிலிடப்பட்டனர். கடமையின்போது உயிர்துறந்த முதற் பொலிசுக்காரராகச் சபான் போற்றப்படுகின்றார். மார்ச் 21 இன்றும் பொலிஸ் வீரர் நாளாக நினைவுகூரப்படுகின்றது. கதை இந்நிகழ்ச்சியைக் காட்டிக்கொடுத்தலாகவே காண்கின்றது. வீழ்ச்சிக்குத் துரோகம் ஒன்றே காரணமெனின், வீழ்ந்தவன் குற்றமற்றவன் ஆகிவிடுகின்றான். அவன் கூட்டத்தின் துப்பாக்கிக்கு இரையானவரோ பெயரற்றவர் ஆகிவிடுகின்றார்.

சிலப்பதிகாரத்தோடு இதனை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். கள்வனல்லாத கோவலன் கள்வனெனக் கொல்லப்பட்டான். அப்பிழையை உணர்ந்த பாண்டியன் உயிர் நீத்தான். உதுவன்கந்தைக் கதையோ கள்வனானவனைக் கள்வனல்லன் என்கின்றது. அப்பிழைக்கு இரங்குவார் எவருமிலர். இளங்கோவடிகள் பாண்டியனின் பிழையை மறைத்திலர். அவன் மாண்பையும் மறைத்திலர். இருபக்கமும் நோக்கும் அந்நடுநிலையே காப்பியத்தை நாட்டார் கதையினின்றும் உயர்த்துவது.

ஆயினும் இக்கதையிற் பாராட்டற்குரிய கூறு ஒன்றுண்டு. சிங்களவனான சரதியலையும் முஸ்லிமான மம்மாலியையும் அது இறுதிவரை பிரித்திலது. சமய வேறுபாட்டைக் கடந்த அந்நட்பைப் போற்றிய மக்களுள்ளம் பெரிது. அவ்வுள்ளம் சபானுக்கும் ஓரிடம் அளித்திருக்கலாம். அவரும் இந்நாட்டவரே, அவருக்கும் இல்லமும் சுற்றமும் இருந்திருக்கும். கதையை மீண்டும் சொல்ல வருவோர் சரதியலின் பெயரை நீக்க வேண்டுவதில்லை. சபானின் பெயரைச் சேர்த்துச் சொன்னாற் போதும்.