அசோகமித்திரனின் 'தண்ணீர்': மாநகரும் தலைவியும்

குறிஞ்சி முதலாய நிலப்பகுப்பில் மாநகரம் எங்கே அடங்கும் என்னும் வினா, இக்கால நாவல்களை ஆராய்வார்க்கு அடிக்கடி எழுவதொன்று. மருதத்தின் விரிவே நகரம் என்று கூறி அமைவாரும் உளர். அவ்விடை எளியது, ஆயினும் அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) என்னும் நாவலின்முன் அது நில்லாது.

நம்பியகப்பொருள் கருப்பொருள் பதினான்கனுள் நீரையும் ஒன்றாக எண்ணுகின்றது. குறிஞ்சிக்குச் சுனை, மருதத்துக்கு ஆறும் பொய்கையும் என, அங்கே நீர் அந்தந்த நிலத்துக்கே உரியது. சென்னையின் குடிநீரோ பூண்டி, புழல் முதலிய ஏரிகளிலிருந்து குழாய்வழி வருவது. பர்கூர் போன்ற வறண்ட பகுதியில் நீர் இல்லையேல் உழவன் வானத்தை நோக்குவான். இந்நாவலின் தெருவினர் கைப்பம்பையும் மாநகராட்சியையும் நோக்குகின்றனர். பர்கூருக்குக் கிழக்கேயுள்ள சோலையார்பேட்டையினின்று 2019 சூலைத் திங்களில் சென்னைக்குப் புகைவண்டியிற் குடிநீர் சென்றதை நாம் அறிவோம். தன் கருப்பொருளைப் பிறநிலத்தினின்று பெறுவது மாநகரின் இயல்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய நகரிலேதான் சமுனா வாழ்கின்றாள். திரைப்பட நடிகையாகும் ஆசை அவளைப் பாசுகர ராவ் என்பவனுக்கு ஆட்படுத்துகின்றது. அவன் காரில் வருகின்றான். அவளை மட்டும் அழைத்துச் செல்கின்றான். தங்கை சாயா அதனை வெறுக்கின்றாள். மற்றொருபால் தண்ணீர்ப் பஞ்சம் அவளைக் குடத்தோடு தெருவில் நிறுத்துகின்றது. காரும் குடமும் ஒரே நகரம் தந்தவை. முன்னது அவளை அயலாரினின்று பிரிக்கின்றது. பின்னது அவர்களோடு சேர்க்கின்றது. கதைத்தலைவியின் மாற்றம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்கின்றது என்பது எம் கருத்து.

நாவலில் வரும் நீரின்மை, சமுனாவின் உள்ள வறட்சிக்குக் குறியீடு என்று திறனாய்வாளர் பலர் எழுதியுள்ளனர். இதனை நாம் முழுதும் உடன்படுதற்கில்லை. குறியீடு என்று கொண்ட அளவில் தெரு மறைந்து உள்ளம் ஒன்றே எஞ்சும். சாக்கடை கலந்து நாறும் நீரும், தோண்டிப் போட்ட தெருவும் வேறொன்றைச் சுட்ட வந்தவை அல்ல. அவள் எழுந்து செயற்படுதற்குரிய காரணங்களே அவை. சாவை நாடியவள், அண்டைவீட்டு ஆசிரியை அம்மாள் தம் வாழ்க்கையைக் கூறக் கேட்டபின் அயலார்க்காகவும் தண்ணீர் தேடுபவளாகின்றாள். அவ்வம்மாளின் பேச்சு சற்றே அறிவுரையாக நீண்டுவிட்டது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் பேசுபவரும் நோயுற்ற முதிய கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு, அதே தெருவில் நீருக்கு நிற்பவர் என்பதை நோக்குதல் வேண்டும். வெளியிலிருந்து வந்த அறிவுரையாயின் சமுனா செவிசாய்த்திருக்க மாட்டாள்.

செகந்தராபாத்திற் பிறந்து 1952-இல் சென்னைக்கு வந்த ஆசிரியர், செமினி படப்பிடிப்பு நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். திரையுலகை 'கரைந்த நிழல்கள்' நாவலில் உள்ளிருந்து காட்டிய அவர், இங்கே அதனைத் தெருவில் வந்து நிற்கும் கார் அளவிற்குச் சுருக்கிவிட்டார். சமுனாவுக்கு அவ்வுலகத்தில் எட்டியது அவ்வளவே.