கைக்கு வழிவிடும் மோட்டர்

வீட்டுச் சிமியுலேட்டரின் த்ரொட்டிலுக்கு மோட்டர் பூட்ட வேண்டும் என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த விமானம் ஓட்டுகிறீர்கள் என்பதைத்தான். எயார்பஸ் என்றால் மோட்டருக்கு ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. ஏ320இல் என்ஜினின் வேகத்தைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும், லீவர் கிளைம்ப் பள்ளத்தில் அப்படியே கிடக்கும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் இருப்பதெல்லாம் எயார்பஸ்தான். ஆகவே கட்டுநாயக்காவில் இருந்து நம் நாட்டு விமானத்தை ஓட்ட ஆசைப்படுபவருக்கு வேலை மிச்சம். மட்டக்களப்புக்குப் பயணிகளைக் கொண்டுவந்த சினமன் எயாரின் செஸ்னா கரவானில் எல்லாமே கைதான். அங்கும் மோட்டருக்கு இடமில்லை.

போயிங் வேறு. பிளைதுபாயின் 737, எமிரேட்ஸின் 777 ஆகியவை வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் கரையோர ஆட்கள் ஏறி இறங்கும் விமானங்கள். அவற்றில் ஓட்டோ த்ரொட்டிலைப் போட்டுவிட்டால் லீவர் தானாகவே முன்னும் பின்னும் போய்வரும். விமானியின் கை அதன்மேல் இருக்கும். என்ஜின் என்ன செய்யப் போகிறது என்பதைத் திரையைப் பார்க்காமலே கை அறிந்துவிடும்.

இதை வெறும் சோடனை என்று நினைப்பவர்கள் ஸ்ரீவிஜய எயார் 182ஐப் பற்றிப் படித்துப் பார்க்கட்டும். 2021 ஜனவரி 9ஆம் திகதி ஜகார்த்தாவில் இருந்து கிளம்பிய அந்த 737-500 கடலில் விழுந்து 62 பேரும் இறந்தார்கள். உயரம் ஏறும்போது இடது லீவர் பின்னால் வந்துகொண்டே இருக்க, வலது லீவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பொறியமைப்பில் எங்கோ இருந்த உராய்வோ இறுக்கமோ அதை நகரவிடவில்லை என்பது இந்தோனேசிய விசாரணையாளர்களின் முடிவு. இரண்டு லீவரும் விலகிப் போனதை விமானிகள் கவனிக்கவில்லை. லீவர்கள் இப்படித் தனித்தனியே விலகுவதைக் கை அறிய வேண்டும். செலவு குறையும் என்று ஒரே மோட்டரில் இரண்டு லீவரையும் கட்டுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். இரண்டு லீவருக்கு இரண்டு மோட்டர் வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஹனிகோம்ப் பிராவோவிலும் த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏயிலும் மோட்டர் கிடையாது. மோட்டரோடு முழு 737 கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து விற்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த விலைக்கு இங்கே நல்ல மோட்டர்சைக்கிளே வாங்கலாம். அதனால் பாண்டிருப்பில் ஒரு மேசையில் பிளைவுட் சட்டம் அடித்து, லீவரைப் பொருத்தி, நாலு வகை மோட்டரை அதில் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தேன்.

மோட்டரைத் தேடுவதற்கு முன் லீவரை அளக்க வேண்டும். இதற்கு மீன் நிறுக்கும் தொங்கு தராசு போதும். கொக்கியை லீவரின் குமிழில் மாட்டி மெதுவாக இழுத்து, லீவர் அசையும் இடத்தில் முள்ளைப் பாருங்கள். என்னுடையது ஏறத்தாழ 300 கிராம் காட்டியது. அச்சில் இருந்து குமிழ் வரை 20 சென்ரிமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 6 கிலோ-சென்ரிமீற்றர். மோட்டரின் பெட்டியில் போட்டிருப்பது அது நின்றே போகும் அளவு விசை. அதில் பாதியைத்தான் நம்பலாம். அப்படிப் பார்த்தால் நமக்குத் தேவை 12.

எஸ்ஜி90 என்ற சிறிய நீல சேர்வோ 1.8தான் தரும். பல்லும் பிளாஸ்ரிக். பிள்ளைகளின் விளையாட்டு விமானத்தில் சுக்கான் திருப்ப நல்லது. அதன் அண்ணன் எம்ஜி996ஆர் உலோகப் பல்லோடு 6 வோல்ட்டில் 11 வரை தரும் என்பார்கள். லீவரை நகர்த்தவும் செய்கிறது. ஆனால் நிறுத்திய இடத்தில் நடுங்கிக்கொண்டே முனகும். கையால் எதிர்த்துத் தள்ளினால் பல்லுக்குள் கடகடவென்று கேட்கும், பிறகு ஒருநாள் பல் போய்விடும். அது இறுகும்போது 2.5 அம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் இருந்து நேரே கரண்ட் கொடுப்பவர்கள், போர்ட் ஏன் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது வாகன உதிரிப்பாகக் கடையில் பழையதாகக் கிடைக்கும் வைப்பர் மோட்டர். கல்முனையில் தேடினால் கிடைக்காத வாகனத்தின் மோட்டர் இல்லை. 12 வோல்ட், விலை மலிவு, பலம் தேவைக்கு மேலே. கெட்டியான பெட்டிக்குள் கிரீஸோடு இருப்பதால் கறள் ஏறவும் நாள் எடுக்கும். எல்லாம் சரி, ஆனால் உள்ளே இருப்பது புழுப்பல். மோட்டர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தைக் கொண்டு மோட்டரைச் சுற்ற முடியாது. அதாவது கரண்ட் போனால் லீவர் நின்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும். லீவருக்கும் பெட்டிக்கும் நடுவில் விரல் அகப்பட்டாலும் அது பாட்டுக்குப் போகும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கிளட்ச் இல்லாமல் இதைப் பூட்ட நான் விடமாட்டேன்.

பல்பெட்டியோடு வரும் ஜேஜிபி37 போன்ற டிசி மோட்டர் இடைத்தரம். கைக்கு ஓரளவு இணங்கும், சத்தம் போடும். எல்298என் டிரைவரில் ஓட்டினால் 2 வோல்ட் அளவு அங்கேயே சூடாகப் போய்விடும். நன்றாக ஓட்டலாம், ஆனால் சரியான இடத்தில் நிறுத்தப் பழக்கி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

என் தெரிவு நாலாவது: நெமா 17 ஸ்டெப்பர். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இருக்கும் அதே சதுர மோட்டர்தான். ஒரு சுற்றுக்கு 200 படி. நடுத்தர நீளமுள்ளது 4 கிலோ-சென்ரிமீற்றர் தரும். 20 பல் கப்பியில் இருந்து 60 பல் கப்பிக்கு பெல்ட் போட்டால் மூன்று மடங்கு, 12 வந்துவிடும். லீவர் முழுத் தூரமும் போக 60 பாகை என்று வைத்தால் மோட்டர் அரைச் சுற்று, வெறும் 100 படி, சுற்றினால் போதும். ஸ்டெப்பரின் பலம் வேகத்தில்தான் குறையும். இந்த வேலைக்கு வேகமே வேண்டாம். கரண்ட்டை நிறுத்தினால் லீவர் கைக்குச் சும்மா வந்துவிடும்.

டிரைவரில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். ஏ4988இல் ஓட்டினால் காதுக்குள் நுளம்பு நின்றது மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். அதே குழியில் டிஎம்சி2209ஐச் செருகினால் பெல்ட் உரசும் ஒலிதான் மிஞ்சும். ஆர்டுயினோ ஊனோவின் மேல் உட்காரும் சிஎன்சி ஷீல்டில் நாலு டிரைவருக்கு இடம் உண்டு. இரண்டு லீவர் போக, ஸ்பீட் பிரேக்குக்கும் ஒன்று வைக்கலாம். 12 வோல்ட்டுக்குப் பழைய கணினியின் பவர் சப்ளை தாராளம்.

எந்த மோட்டரானாலும் லீவருக்கும் கப்பிக்கும் நடுவில் ஒரு கிளட்ச் இருக்கட்டும். உண்மையான 737இலும் சேர்வோ மோட்டரை மீறி விமானி லீவரைத் தள்ளலாம். அதற்கு அங்கும் வழுக்கும் கிளட்ச் உண்டு. ஹார்ட்வெயார் கடையில் கதிரைக் காலுக்கு ஒட்ட விற்கும் கம்பளி வட்டங்களை வாங்கி, கப்பியின் இரண்டு பக்கமும் வைத்து, வில்லும் நட்டும் போட்டு இறுக்கினால் கிளட்ச் தயார். தராசைத் திரும்ப மாட்டுங்கள். கம்பளி 500 கிராமில் வழுக்கும்வரை நட்டை இறுக்குங்கள். 300 கிராம் லீவரை மோட்டர் தள்ளும். மோட்டரை மீற நினைக்கும் கைக்கு இரண்டும் சேர்ந்து 800 கிராம். பத்து வயதுப் பிள்ளையும் தள்ளிவிடும்.

ஒலிபெருக்கிக்காரர்களின் நல்ல டிஜிற்றல் மிக்ஸரில் தானாக நகரும் பேடரைப் பார்த்திருப்பீர்கள். விரல் தொட்டதும் அதன் மோட்டர் விட்டுவிடும். அந்த யோசனையைத் திருடலாம். குமிழை உலோகத்தில் செய்து, தொடுகை உணரி ஒன்றை வயரால் இணைத்து, கை பட்டதும் டிரைவரை அணைக்கச் சொல்லுங்கள். ஆனால் விமானத்தில் கை எப்போதும் லீவர்மேல் இருக்க வேண்டும் என்பதால், இதை ஒரு சுவிச்சில் அணைத்துவைக்க வழி விடுங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் இது இல்லாமலும் ஓடும்.

லீவர் எங்கே நிற்கிறது என்று அறியும் உணரியை லீவரின் அச்சிலேயே பூட்ட வேண்டும், மோட்டரில் அல்ல. கிளட்ச் வழுக்கிய பிறகு மோட்டருக்கு ஒன்றும் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் 10கே பொட்டென்சியோமீற்றரை மறந்துவிடலாம். உப்புக் காற்றும் தூசியும் கார்பன் தடத்தில் ஏறினால் திரையில் என்ஜின் துள்ளத் தொடங்கும். ஏஎஸ்5600 காந்த உணரியில் ஒன்றோடொன்று உரசும் பாகமே இல்லை. ஒரு சுற்றை 4096 ஆகப் பிரிப்பதால் நம் 60 பாகைக்கு 680 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஒரே சங்கடம், எல்லா ஏஎஸ்5600க்கும் ஒரே முகவரி. இரண்டு பூட்ட டிசிஏ9548ஏ மல்டிபிளெக்ஸர் ஒன்றும் வேண்டும்.

மென்பொருளில் ஒரு சண்டை காத்திருக்கிறது. சிமியுலேட்டர் லீவரை நகர்த்தும். நகர்ந்த லீவரை உணரி படித்து, விமானி தள்ளினார் என்று சிமியுலேட்டருக்குச் சொல்லும். அது மறுபடி நகர்த்தும். லீவர் ஆடிக்கொண்டே நிற்கும். ஓட்டோ த்ரொட்டில் வேலை செய்யும்போது உணரியின் பேச்சைக் கேட்காமல் விட வேண்டும். சிமியுலேட்டருக்கு விமானம் செய்து விற்கும் பிஎம்டிஜியின் 737இல் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள் ஸ்டெப்பரையும் சேர்வோவையும் ஓட்டும். உணரியைப் பார்த்து மோட்டரைத் திருத்துவதற்குச் சில வரிகள் நீங்களே எழுத வேண்டிவரும்.

ஸ்டெப்பர் நிற்கும்போதும் கரண்ட் குடித்துச் சூடாகும். அதன் தாங்கியை பிஎல்ஏயில் அச்சடித்தால் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகி பெல்ட் தொய்ந்துவிடும். நம் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது பெரிய சூடல்ல. அலுமினியத் தகடோ பிளைவுட்டோ போதும். கரண்ட் இருக்கும்போது மோட்டர் வயரை மட்டும் கழற்ற வேண்டாம், டிரைவர் அந்த நொடியே எரிந்துவிடும். கொழும்பில் இருந்து தபாலில் எடுப்பவர்கள் டிஎம்சி2209 ஒன்றைக் கூடுதலாகவே சொல்லி எடுங்கள்.