பிரித்த குட்டிக்கு ஓட்டல் சோறா?

அச்சரப்பாக்கம் வழியாகச் செல்லும் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையைச் சுற்றிலும் வெண்பன்றி வளர்ப்பவர்கள் பலருக்கு ஓட்டல்களில் மிஞ்சும் உணவுதான் முதல். பண்ணைச் செலவில் முக்கால் பங்கு தீவனத்துக்கே போகிறது. விலைத் தீவனத்தை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. அதனால் ஓட்டல் மிச்சத்தை அடியோடு பழிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். தாயிடமிருந்து பிரித்த அன்றே குட்டியையும் அதே தொட்டிக்கு விரட்டுவதுதான் தவறு.

முன்பெல்லாம் 56 நாளில் பிரித்தார்கள். இன்று 42 நாளிலோ அதற்கு முன்போ பிரிக்கிறார்கள். வயது குறையக் குறைய ஆபத்து கூடும். தாய்ப்பாலிலுள்ள லாக்டோஸ் இரைப்பையில் லாக்டிக் அமிலமாகிக் கிருமிகளை அடக்கி வைத்திருக்கும். பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடுகிறது. குட்டியின் சொந்த அமிலச் சுரப்போ இன்னும் முதிரவில்லை. முதல் ஓரிரு நாள் அது தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அந்தப் பட்டினியிலேயே சிறுகுடலின் உறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகும், ஈ.கோலை பெருகும். மறுநாள் வாலோரம் ஈரம் ஒட்டி, முதுகு கூனி, மூலையில் நிற்கும்.

மிச்சத்தில் சோறு குற்றவாளி அல்ல. வெந்த அரிசி குட்டிக்கு எளிதில் செரிக்கும். ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் வெந்த அரிசியும் விலங்குப் புரதமும் கொடுத்து வளர்த்த பன்றிகள் ரத்தக் கழிச்சலைத் தாங்கின. பிற்காலச் சோதனைகள் எல்லாவற்றிலும் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கெடுப்பது சாம்பாரின் உப்பும், பொரித்த எண்ணெயும், தண்ணீரும்தான். குட்டியின் சின்ன வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும், சத்து சேராது. குடிநீரும் குறைந்தால் உப்பு மூளையைத் தாக்கும்.

கொதிக்க வைத்தால் போதும் என்பார்கள். 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. உணவு மிச்சத்தின் வழியாகவும் பரவும் அந்தக் காய்ச்சலுக்கு அஞ்சியாவது, கிளறிக்கொண்டே 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைக்கத்தான் வேண்டும். ஆனால் கொதியில் கிருமி சாகும், உப்பு போகாது.

மருந்தை நம்பி இருப்பதும் இனி நடக்காது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. கழிச்சலை நிறுத்த அதிக அளவில் கொடுத்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. புரோபயாட்டிக் பாக்கெட்டுகள் ஓரளவு உதவலாம். அடிப்படைத் தீனி சரியில்லாத இடத்தில் அவை வீண் செலவு.

மதுராந்தகம் பக்கத்து அரிசி ஆலைகளில் குருணை கிடைக்கிறது. அதை வேகவைத்து, நன்றாக வறுத்து அரைத்த சோயாவும், உப்பில்லாத நல்ல மீன்தூள் கொஞ்சமும், தாது உப்புக் கலவையும் சேர்க்கலாம். பச்சைச் சோயா கூடவே கூடாது. அதிலுள்ள தடுப்பான் புரதச் செரிமானத்தையே முடக்கும். சுண்ணாம்பையோ கிளிஞ்சல் தூளையோ அள்ளிப் போட்டால் இருக்கிற வயிற்று அமிலமும் செத்துவிடும். இதே தீனியை இரண்டாவது வாரத்திலிருந்தே தாயின் பக்கத்தில் சிறு தட்டில் வைத்துப் பழக்க வேண்டும். கலவை விகிதத்துக்குக் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

பிரித்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு குட்டிக்கு ஏறத்தாழ ஐந்தாறு கிலோ தீனி போதும். அதற்குப் பிறகு ஓட்டல் தொட்டியைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் போதும்.